டோரதி அக்கா அமுக்காத பட்டன்

மஜீது பாய்க்குப் பொய் சொல்ல வராது என்று வடசென்னை டோல்கேட் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. அவருக்குப் பொய் நன்றாகவே வரும். இருபத்து நாலு வருஷமாக வீடியோ கேம் கடை நடத்துகிறவருக்கு அதுகூடவா வராது? மூன்று கை மாறிய மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு, "ஒருத்தன்தான் ஓட்டினான், அவனும் ஞாயித்துக்கெழம மட்டும்" என்று கண் இமைக்காமல் சொல்லுவார். வாங்குகிறவனுக்கும் அது பொய் என்று தெரியும், சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். அந்த மாதிரிப் பொய்யெல்லாம் கடையை மூடும்போது ஷட்டரோடு சேர்ந்து இறங்கிவிடும். போன ஆகஸ்டில் சொன்ன பொய் மட்டும் இறங்கவில்லை. அவரோடு வீட்டுக்கு வந்தது, சாப்பாட்டில் உட்கார்ந்தது, வெள்ளிக்கிழமை தொழுகையில் பக்கத்தில் வந்து நின்றது. நாலு மாதம் அதை வைத்துக்கொண்டு மனிதர் படாத பாடு பட்டார்.

கடை, டோல்கேட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பிரியாணிக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஆரம்பத்தில் நாலு டிவி, நாலு மெஷின், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஹை ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், டிரைவர்கள்கூட வந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டிவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க லாரி ஓட்டியது போதாதென்று இங்கே வந்தும் ஓட்டுவார்கள்.

பிறகு வீட்டுக்கு வீடு மெஷின் வந்தது. மஜீது டிஸ்க் வாடகைக்கு மாறினார். ஒரு சுவர் முழுக்க டிஸ்க். அப்போது அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: டிஸ்க் தூங்கக் கூடாது. ரேக்கில் ஒரு டிஸ்க் ஒரு வாரம் சும்மா கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வாடிக்கைக்காரர்களுக்கும் இது பழகிப்போய், ஊருக்குப் போகிறவன் தன் சொந்த டிஸ்க்கையே கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போவான். "நா வர்றவரைக்கும் ஓட்டிக்கோ பாய்" என்பான். அவன் திரும்புவதற்குள் அது கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு என்று நாலு வீடு சுற்றிவிட்டு, அவன் வருகிற அன்றைக்குச் சமர்த்தாக ரேக்கில் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

அப்புறம் டிஸ்க்கே இல்லாமல் போயிற்று. புது மெஷின்களுக்கு டிஸ்க் போடும் வாயே கிடையாது. விளையாட்டு எங்கேயோ கம்பெனிக்காரனிடம் இருக்கிறது. பால் கார்டு மாதிரிதான். சந்தா கட்டினால் உண்டு, கட்டாவிட்டால் இல்லை. நூற்றுக்கணக்கான விளையாட்டைத் திறந்துவிடுகிறவன், சந்தா நின்ற நொடியில் அத்தனைக்கும் பூட்டுப் போட்டுவிடுவான். வாங்கினோம் என்று வீட்டில் எடுத்து வைக்க ஒரு டப்பாகூட மிஞ்சாது. மஜீதின் டிஸ்க் சுவரில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது.

ஆனாலும் மனிதர் தொழிலை விடவில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பாதிப் பேருக்கு இந்த ஐடி, பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாமே பேஜார். அதனால் மஜீதே கடைப் பேரில் ஐடிகள் திறந்து, வருஷச் சந்தா கட்டி, வாடிக்கைக்காரர்களின் மெஷினில் ஏற்றிக் கொடுத்துவிடுவார். ஐடிகளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஒரு ஐடி ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் ஓடும். விளையாடியவன் கட்டிய வீடு, ஜெயித்த கோப்பை எல்லாம் அந்த ஐடிக்குள்ளேயே கிடக்கும். அவற்றில் ஏழாம் நம்பர், டென்னிஸ் என்கிற பையனுக்குக் கொடுத்தது.

டென்னிஸ் ராயபுரத்துப் பிள்ளை. கப்பலில் எஞ்சின் ரூமில் ஃபிட்டர். ஏழு மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் வீடு. போன வருஷம் அவன் கப்பலேறியதும் மஜீது தன் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். ஏழு மாதம் ஒரு சந்தா சும்மா தூங்குவதா? கடையில் உட்கார்ந்தபடியே ஏழாம் நம்பரை ராயபுரத்து மெஷினிலிருந்து கழற்றி, வேறொருவர் மெஷினில் ஏற்றிவிட்டார். டென்னிஸ் திரும்பிய அன்றைக்கே "சர்வீஸ் பண்ணித் தரேன்" என்று மெஷினை வாங்கிவந்து பழையபடி மாற்றிக் கொடுத்தார். டிஸ்க் காலத்தில் வாடிக்கைக்காரன் தன் பொருளைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். இப்போது டென்னிஸ் எதையும் கொடுக்கவில்லை, மஜீது கேட்கவும் இல்லை. அந்த வித்தியாசம் அவருக்கு உறைக்கவில்லை.

இந்த வருஷம் ஜூனில் டென்னிஸ் மறுபடி கப்பலேறினான். ஆகஸ்டில் சடையங்குப்பத்திலிருந்து பாலகணேஷ் என்று ஒருவன், மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், ஐடி கேட்டு வந்தான். புது சந்தா விலை அப்போதுதான் இன்னொரு தடவை ஏறியிருந்தது. மஜீது யோசிக்கவே இல்லை. ஏழாம் நம்பரைக் கழற்றி பாலகணேஷுக்குக் கொடுத்துவிட்டார். டென்னிஸ் ஜனவரியில்தானே வருவான், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. டென்னிஸின் அம்மா டோரதி அந்த ஏழாம் நம்பரில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

டோரதி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். மஜீதின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கும் அவர்தான் தைக்கிறார். டென்னிஸ் விளையாடியது ஒரு தோட்ட விளையாட்டு. ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, ஒரு குடிசை, ஒரு ஆடு. விதை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் செடி வரும். கப்பலுக்குக் கிளம்புமுன் அவன் அம்மாவின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, நடக்க எது, தண்ணீர் ஊற்ற எது என்று காட்டிவிட்டு, "நா வர்றவரைக்கும் நீ பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா தனியாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவன் செய்த ஏற்பாடு அது. டோரதி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தன் நிலத்தை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே எடுத்துக்கொண்டார். தினம் மூன்று மணிக்குத் தையலை நிறுத்துவார். முகம் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து, வரிசை வரிசையாகத் தண்ணீர் ஊற்றி, ஆட்டுக்குத் தழை போட்ட பிறகுதான் டீ குடிப்பார். கப்பலிலிருந்து கூப்பிட்டால் டென்னிஸும் முதலில் தோட்டத்தைத்தான் விசாரிப்பான்.

ஆகஸ்டில் ஒரு நாள் மூன்று மணிக்குத் தோட்டம் வரவில்லை. பூட்டுப் படம் வந்தது.

மறுநாள் டோரதி மெஷினைக் குளிக்கிற துவாலையில் சுற்றி, மார்போடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் டோல்கேட் வந்து இறங்கினார். கடையில் அப்போது நாலு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள்.

"பாய், நா தப்பு பண்ணிட்டேன்" என்றார் டோரதி. "தொடைக்கறப்ப இன்னாத்தையோ அமுக்கிட்டேன் போல கீது. புள்ளையோட தோட்டம் பூடுச்சு."

"இன்னா தோட்டம்க்கா? டென்னிஸுதான் ஊர்ல இல்லியே, யாரு ஆடறது?"

"நாந்தான். டெய்லி நாந்தான் தண்ணி ஊத்தறேன். நேத்து போட்டா பூட்டு நிக்குது."

மஜீதுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நான்தான்க்கா கழட்டினேன்" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் நின்றுகொண்டிருந்த நாலு பேரும் அவரிடம் ஐடி வாங்கியவர்கள். நாலு பேரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் நம் ஐடியையும் இப்படித்தான் ஊர் சுற்ற விடுகிறாரா என்று ஒருத்தன் கேட்டால் போதும், சாயங்காலத்துக்குள் வடசென்னை முழுக்கத் தெரிந்துவிடும்.

"நீங்கதான்க்கா எதையாவது அமுக்கி இருப்பீங்க" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய். ஜோடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாளே கொண்டுவந்து நீட்டிய பழியை வாங்கி மஜீது அவர் மடியிலேயே திருப்பி வைத்தார். அதற்காகவே அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு வந்தது வெட்கமில்லை, தப்பித்தோம் என்கிற நிம்மதிதான்.

"எதை அமுக்கினேன் பாய்?"

"அது தெர்லக்கா. கம்பெனிக்கு எழுதிப் பாக்கறேன். டைம் ஆவும்."

"எவ்ளோ டைம் ஆனாலும் சரி. டென்னிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கடல்ல கீறான், மனசு பேஜாரா பூடும்."

டோரதி போனதும் மஜீது கம்ப்யூட்டரைத் திறந்தார். ஏழாம் நம்பரை உடனே திருப்பிவிடலாம் என்றுதான் திறந்தார். கம்பெனிக்காரன் விடவில்லை. கடையில் உட்கார்ந்தபடி ஐடியைக் கழற்றுவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான், அடுத்து பிப்ரவரியில் வா என்றது திரை. அதற்கு முன்னால் வேண்டுமென்றால், இப்போது ஐடி ஓடுகிற மெஷினையே கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து விடுவிக்க வேண்டும். சடையங்குப்பம் போக வேண்டும். பாலகணேஷின் முகத்தைப் பார்த்து, உனக்கு நான் விற்றது அடுத்தவன் தோட்டம் என்று சொல்ல வேண்டும். டோரதிக்குப் புது ஐடி ஒன்றை ஏற்றிக் கொடுக்கலாமா என்றும் யோசித்தார். அதில் வெறும் தரைதான் வரும்.

நாளைக்குப் போகலாம் என்று அன்றைக்கு நினைத்தார். செப்டம்பரிலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தோறும் டோரதி போன் பண்ணுவார். "கம்பெனிலேர்ந்து எதுனா வந்துச்சா பாய்?" என்பார். "எழுதி கீறேன்க்கா" என்பார் மஜீது. ஒரு வரிகூட எழுதவில்லை. பிறகு போன் வேறு மாதிரி ஆயிற்று. டென்னிஸ் கப்பலிலிருந்து தோட்டத்தை விசாரிக்கிறானாம், என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். "பூசணி எத்தினி நாள்ல காய்க்கும் பாய்? தப்பா சொன்னா கண்டுபுடிச்சிடுவான்." மஜீது அந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்து, "பன்னெண்டு நாள்க்கா" என்று சொன்னார். அடுத்த வாரம் டோரதி, ஆடு குட்டி போடுமா என்று கேட்டார். அதற்கும் பதில் தேடிக் கொடுத்தார். பிள்ளையிடம் பொய்யே சொல்லிப் பழக்கமில்லாத ஒரு அம்மாளுக்கு வாரா வாரம் பொய் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்குக் கிடைத்தது. போனை வைத்ததும் அவர் எழுந்து வெளியே போய்ப் பஞ்சர் கடை வாசலில் சும்மா நிற்பார்.

ராயபுரம் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கல்மண்டபம் வழியாகப் போக வேண்டிய வேலையென்றால் சுற்றிக்கொண்டு போனார். தனக்குத் தானே நியாயமும் சொல்லிப் பார்த்தார். அது என்ன நிஜத் தோட்டமா? செத்தது யார்? பிப்ரவரியில் தானாகச் சரியாகப் போகிறது. இப்படியெல்லாம் வக்கீல் மாதிரி பேசுவார், பேசி முடித்ததும் அந்தத் துவாலை கண் முன்னால் வரும்.

டிசம்பர் முதல் வாரம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். ஷரீஃபுன்னிசா சோற்றைப் போட்டுவிட்டுச் சலித்துக்கொண்டாள்.

"என் ஜாக்கெட்டு இன்னும் ஆவலங்க. டோரதி அக்கா மோட்டார் மெஷினையே தொடறதில்ல. பழைய கால் மெஷின எறக்கி மிதிச்சுகினு கீறாங்க. முட்டி வலி வேற."

"ஏன், மோட்டார் ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்ல. பட்டனப் பாத்தாலே பயமா கீதாம். மிக்ஸி போடறதில்ல, அம்மிலதான் அரைக்கறாங்க. டிவி போட்டு நாலு மாசம் ஆச்சாம். 'என் கை வெளங்காத கைம்மா, வெச்சா எதுனா பூடும்'ங்கறாங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு."

மஜீதின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தோட்டம் போனது அவருக்குத் தெரியும். அந்த அம்மாளின் கையும் போய்விட்டது என்பது இப்போதுதான் தெரிந்தது. சோற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஏழாம் நம்பர், பாலகணேஷ், துவாலை, பூசணிக்குப் பன்னிரண்டு நாள், ஒன்று விடாமல். சொல்லி முடித்தால் பாரம் குறையும் என்று நினைத்தார்.

ஷரீஃபுன்னிசா திட்டவில்லை. குழம்புக் கிண்ணத்தை மூடிவைத்தாள். "இத்த எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? மோட்டார தொட பயந்துகினு கீறது நானா?" என்றாள்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சடையங்குப்பத்தில் நவம்பர் மழைத் தண்ணீர் வடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் இன்னும் சேறு. வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. பாலகணேஷ் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வாசலில் உட்கார்ந்து போனில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் சுட்டுக்கொண்டிருந்தான். மஜீது வண்டியில் வரும்போதே என்ன பேசுவதென்று கட்டிவைத்திருந்தார். வாசலில் அது எல்லாமே மறந்துபோய், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

பாலகணேஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அட, அந்த மெஷினா? தண்ணி வருதுன்னு அக்டோபர் கடைசிலயே பரண்ல ஏத்துனது பாய். அதுக்கு முன்னாடியும் ஆடல. ஷிப்ட் முடிச்சு வந்தா யாரு டிவி முன்னாடி குந்தறது? எல்லாம் போன்லயே ஓடுது. ஏத்துனதுலேர்ந்து எறக்கவே இல்ல."

"ஐடிய எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோ. ஒரு போன் பண்ணி கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே. இதுக்கு ஏன் பாய் மூஞ்சி இப்டி கீது?"

மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, தூசி துடைத்து, டிவியில் மாட்டி, ஏழாம் நம்பரை விடுவிக்க ஆறு நிமிஷம் ஆனது. அந்த ஆறு நிமிஷத்தை எடுக்க மஜீது நாலு மாதம் எடுத்துக்கொண்டிருந்தார். பாலகணேஷ் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவரைத் தடுத்து நிறுத்த இத்தனை நாளும் யாருமே இல்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் ஒரு அம்மாள் முட்டி வலியோடு மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளுக்கு நடுவில் அவருக்குக் கண் கலங்கிக்கொண்டே வந்தது, தூசிதான் என்று துடைத்துக்கொண்டார்.

ராயபுரத்தில் டோரதி வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. டிவியின் மேல் ஒரு பழைய துப்பட்டா போர்த்தியிருந்தது. மெஷின் அதே துவாலைக்குள், அலமாரியின் மேல்.

"தோட்டம் வந்துடும்க்கா. போட்டுக் காட்டறேன்."

"நீங்களே போடுங்க பாய். நா தொடல" என்று டோரதி சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

மஜீது ஒயரை மாட்டி, ஏழாம் நம்பரை ஏற்றினார். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு நிலம் வந்தது, கிணறு வந்தது. டோரதி மெதுவாக இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"செடில்லாம் வாடிப் பூடிருக்குமே."

"இல்லக்கா. நீங்க ஆடாத நாளு அதுல ஓடாது. உட்ட எடத்துலயே அப்டியே நிக்கும்."

"ஆடு?"

"தோ, கெணத்தாண்ட."

டோரதி தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்த் தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும் கொண்டுவந்து மஜீதின் முன்னால் வைத்தார். "சாப்டாம போவக் கூடாது. உங்களுக்கு நா இன்னா செய்யப் போறேன் பாய், சொல்லுங்க" என்றார். மஜீது சோற்றில் கை வைத்தார்.

டோரதி தையல் பெட்டியைத் திறந்து, விரல் நகம் அளவுக்கு வெட்டிய ஒரு சிவப்புத் துணித் துண்டும் கோந்து பாட்டிலும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கன்ட்ரோலரைத் துவாலையின் ஓரத்தால் பிடித்து அவர் பக்கம் நீட்டினார்.

"இப்ப சொல்லுங்க பாய். நா அமுக்குனது எந்தப் பட்டன்? அது மேல இத்த ஒட்டிக்கறேன். இனிமே கை அந்தப் பக்கம் போவாது."

அந்தத் துணியை எப்போதோ வெட்டி வைத்திருக்கிறார். ஓரம் பிசிராமல் இருக்க மெழுகு தடவி வைத்திருக்கிறார். மஜீது கன்ட்ரோலரைப் பார்த்தார். அதில் பொத்தான்களுக்கா பஞ்சம்? ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். டோரதி ஒட்டிக்கொள்வார், நிம்மதியாகத் தண்ணீர் ஊற்றுவார், சாகும்வரை மஜீது பாயை வாழ்த்துவார். தோட்டம்தான் வந்தாயிற்றே, இனிமேல் எதற்கு என்று உள்ளே அந்த வக்கீல் மறுபடி எழுந்தான். மஜீதின் இடது கை நீண்டது, பாதியில் நின்றது.

"எந்தப் பட்டனும் இல்லக்கா" என்றார். "நீங்க எதையும் அமுக்கல. நாந்தான் கடைலேர்ந்து கழட்டி வேற ஆளுக்குக் குடுத்தேன். டென்னிஸ் ஊர்ல இல்லியே, சும்மாத்தான கெடக்குதுன்னு. நீங்க ஆடறது எனக்குத் தெரியாது."

டோரதி அவரையே பார்த்தார். "நா கடைக்கு வந்தேனே."

"அப்பத் தெரியும்."

"நாந்தான் அமுக்கி இருப்பேன்னு சொன்னீங்களே."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"பூசணி பன்னெண்டு நாள்னு சொன்னப்ப?"

"அப்பவும் தெரியும்க்கா."

டோரதி சிவப்புத் துணியை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க அதில் ஒன்றும் இல்லை. மஜீது தட்டை நகர்த்திவிட்டு எழப் பார்த்தார்.

"குந்துங்க" என்றார் டோரதி. குரலில் அன்பும் இல்லை, கத்தலும் இல்லை. "சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிக்கக் கூடாது. சாப்டுங்க."

அவர் சாப்பிட்டார். குழம்பில் புளியும் உப்பும் சரியாக இருந்தன. எதிரே டோரதி பேசிக்கொண்டே போனார்.

"போன ஞாயித்துக்கெழம அவன் போன் பண்ணான். எத்தினி நாளு பொய் சொல்றது? தாங்கல. எதையோ அமுக்கி உன் தோட்டத்த தொலைச்சுட்டேண்டான்னு சொல்லிட்டேன். 'உன்ன யாரு கண்டதையும் நோண்டச் சொன்னது'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டான். அவுங்கப்பா கூட என்ன அப்டி ஒரு வார்த்த கேட்டதில்ல. அன்னிலேர்ந்து போன் இல்ல."

"நா அவன்கிட்ட சொல்றேன்க்கா. ஜனவரில வந்ததும் நேர்ல..."

"ஜனவரி இன்னாத்துக்கு? கப்பலு இன்னிக்கு கொழும்புல நிக்குது. சிக்னல் கெடைக்கும்."

டோரதி தன் போனை எடுத்துப் பிள்ளையின் பேரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மஜீதின் தட்டுக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது. அவர் துவாலையை ஒதுக்கிவிட்டு, கன்ட்ரோலரை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு டிவி பக்கம் திரும்பினார். கட்டை விரல் ஒரு பொத்தானின் மேல் நின்றது. பிறகு அமுக்கியது. திரையில் முதல் வரிசைச் செடிக்குத் தண்ணீர் விழுந்தது.

நாலாவது தடவை மணி அடித்தபோது டென்னிஸ் எடுத்தான். "இன்னாம்மா" என்றான், வேண்டா வெறுப்பாக.

டோரதி திரும்பிப் பார்க்காமல் அடுத்த செடிக்குப் போனார். மஜீது வாயிலிருந்த சோற்றை விழுங்கினார்.

"டென்னிஸு, மஜீது பேசறேன். உங்கம்மா எதையும் அமுக்கலப்பா."